பழைய ஃபைலில் மிச்சமிருந்த பெட்டி

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமா கண்ணு? காத்து மூஞ்சியில அடிக்குது. போதும், அவ்வளவு போதும்.

கம்ப்யூட்டர் வேலையா உனக்கு? பையைப் பார்த்தேன். நானும் அதேதான். என்னைப் பார்த்தா அப்படித் தெரியாது, டீச்சரான்னுதான் எல்லாரும் கேட்பாங்க. வசந்தாமணின்னு பேரு. பீளமேட்டுல ஒரு பம்ப் கம்பெனி. கிணத்து மோட்டார், போர்வெல் மோட்டார் செய்யறாங்க. அங்க மெயில் சர்வர் என் பொறுப்பு. சேர்ந்த நாள்ல இருந்து என் பொறுப்புதான்.

நீ தேனியில எறங்கறயா? சரி, அதுவரைக்கும் பேச்சுத் துணையாச்சு. பழனி தாண்டினா எனக்குத் தூக்கமும் வராது.

உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். நீ இந்த வேலை தெரிஞ்ச பொண்ணு, நீயே சொல்லு. கம்பெனியில ஒரு பேச்சு ஓடுது, வசந்தாமணி ஒரு சின்ன வேலையை மழைக்காலம் பூரா இழுத்தடிச்சுட்டாங்கன்னு. நேரா என்கிட்ட யாரும் சொல்லலை. சொன்னா பதில் சொல்லலாம். சொல்லாததுக்கு எப்படிக் கண்ணு பதில் சொல்றது?

வேலை என்னன்னா, எங்க கம்பெனியில எல்லாருடைய மெயிலும் ஒரே ஃபைலுக்குள்ள கிடக்கும். டேட்டாபேஸ்னு சொல்லுவோம்ல, அது. அதுக்குள்ள ஆளுக்கொரு பெட்டி. அது பெருத்துப் பெருத்து, டிஸ்க் நெறையற நெலைமைக்கு வந்துருச்சு. டிஸ்க் நெறைஞ்சா சர்வர் தானா நின்னுக்கும். அப்புறம் ஒரு மெயில் உள்ள வராது, ஒண்ணு வெளிய போகாது. ஆர்டர் பூரா மெயில்லதான் வருது. நின்னா கம்பெனியே நின்ன மாதிரி.

ஜி.எம். பாலதண்டபாணி சார் கூப்பிட்டார். "வசந்தாமணி, அந்த ஃபைல் சைஸைக் குறைக்கணும்மா. அவசரமில்லை. முடியறப்போ பார்த்துச் செய்ங்க"ன்னார். அவசரமில்லைன்னு ஏன் சொல்றார்? அவசரம்தானே? அந்த மனுஷன் அந்தச் சமயத்துல என்கிட்ட எல்லாத்தையும் அப்படித்தான் பேசினார், பஞ்சை வெச்சு ஒத்தற மாதிரி. எனக்குப் பிடிக்கலை. வேலையை வேலையாச் சொல்லணும்.

நான் அன்னிக்கே எல்லாருக்கும் சுற்றறிக்கை போட்டேன். முதல்ல நீங்க அனுப்பின மெயிலை அழிங்க, வாங்கினவங்ககிட்ட அது இருக்கும், உங்ககிட்ட ஒரு நகல் எதுக்குன்னு. இதை நான் வருஷா வருஷம் சொல்றதுதான். என் பெட்டிதான் கம்பெனியிலேயே சின்னது. வந்ததைப் படிப்பேன், பதில் போடுவேன், ரெண்டையும் அழிச்சுடுவேன். ஊருக்குச் சொல்றவ தான் செஞ்சு காட்டணுமில்ல.

எப்பவும் சண்டை வரும். ரிச்சர்ட்னு சேல்ஸ் மேனேஜர், "மேடம், என் கழுத்தை வேணா அறுங்க, மெயில்ல கை வெக்காதீங்க"ன்னு நிப்பார். அந்தத் தடவை அவரே, "சரிங்க மேடம், அழிச்சுடறேன்"னார். அழிச்சும்போட்டார். எல்லாருமே அழிச்சாங்க. ஒருத்தர் எதுத்துப் பேசலை. ஆனா கோவம் உள்ள இருந்துச்சு, எனக்குத் தெரியும். நான் கேன்டீன்ல போய் உட்கார்ந்தா சிரிச்சுட்டு இருக்கற டேபிள் அமைதியாயிரும். யாராவது எழுந்து வந்து எனக்குத் தண்ணி ஊத்துவாங்க. கேட்காமயே ஊத்துவாங்க. மெயிலை அழிக்கச் சொன்னா யாருக்குத்தான் கோவம் வராது?

சரி, அத்தனை பேரும் அழிச்சாச்சு. ஃபைல் குறைஞ்சுதா? குறையலை. அது உனக்குத் தெரியும். ஜி.எம்.முக்கு நான் விளக்க வேண்டியிருந்துச்சு. சார், பீரோவுல இருந்து துணியை எல்லாம் எடுத்துட்டா பீரோ சின்னதாயிருமா? உள்ள எடம் காலியா இருக்கும், பீரோ அடைச்சுட்டு நிக்கற எடம் அப்படியேதான் நிக்கும். இதுவும் அப்படித்தான் சார். புதுசா ஒரு ஃபைல் உண்டாக்கி, ஒவ்வொரு பெட்டியா அதுக்கு மாத்தணும். எல்லாரும் மாறினப்புறம் பழைய ஃபைலையே தூக்கிடணும். அப்பத்தான் எடம் கெடைக்கும்னேன். அவர் கேட்டுட்டே இருந்தார். "சரிம்மா. சாப்பிட்டீங்களா?"ன்னார். நான் டேட்டாபேஸைப் பத்திப் பேசிட்டு இருக்கேன், இவர் சாப்பிட்டீங்களான்னு கேட்கறார்.

மாத்த ஆரம்பிச்சேன். அக்கவுன்ட்ஸ் ஆளுங்களை முதல்ல, அப்புறம் பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், சேல்ஸ், ஃபவுண்டரி. ஒரு பெட்டி மாறும்போது அந்த ஆளுக்கே தெரியாது. மெயில் பாட்டுக்கு வரும், போகும். அவ்வளவு சுத்தமாப் பண்ணினேன். ஒரு புகார் வரலை. ஐப்பசி பொறக்கறதுக்குள்ள எல்லாரும் புது ஃபைலுக்கு வந்தாச்சு.

பழசுல ஒரே ஒரு பெட்டி மிச்சம். சென்னியப்பன், சர்வீஸ் டிபார்ட்மென்ட்.

எங்க வீட்டுக்காரர்தான்.

ஒரே கம்பெனி. அவர் கீழ சர்வீஸ்ல, நான் மாடியில. கம்பெனிக்குள்ள செல்போன் கொண்டுபோக விடமாட்டாங்க, கேட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க. அதனால அவர் எனக்கு ஏதாவது சொல்லணும்னா மெயில்தான். பெரிசா ஒண்ணும் இருக்காது. 'கேஸ் புக் பண்ணியாச்சு.' 'அம்மாவுக்கு மாத்திரை தீருது.' 'கேட்ல நிக்கறேன், சீக்கிரம் வா.' இப்படித்தான். நானும் 'சரி'ன்னு போடுவேன். போட்டுட்டு அழிச்சுடுவேன்.

அவர் அழிக்க மாட்டார். அவர் பெட்டி ரொம்பப் பெரிசு. ஏன்னா சத்தம். மோட்டார்ல சத்தம் வந்தா டீலருங்க வீடியோ எடுத்து அனுப்புவாங்க. இவர் ஹெட்போனைக் காதுல மாட்டிட்டுக் கேட்டுட்டு, பேரிங் போயிருச்சு, இல்லை மணல் இழுத்துட்டு இருக்குதுன்னு பதில் போடுவார். இவரும் போற எடத்துல எல்லாம் வீடியோ எடுத்து அனுப்புவார். 'இது நல்ல சத்தம், இதைக் கேட்டுக்கங்க, இதுக்கு மாறி வந்தாச் சொல்லுங்க'ன்னு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அழிங்கன்னு. சிரிப்பார்.

போன சித்திரையில அவருக்கு அப்படி ஆயிருச்சு. தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மோட்டார் எறக்கப் போனவர். கிணத்து மேட்டுலயே உட்கார்ந்தாராம். தண்ணி கேட்டாராம். கொண்டுவந்து குடுக்கறதுக்குள்ள.

காரியம் முடிஞ்ச வாரமே நான் ட்யூட்டிக்கு வந்துட்டேன். வீட்டுல இருந்துட்டு என்ன பண்றது? சர்வர் யார் பார்க்கறது?

அவர் பெட்டியை ஏன் மாத்தலைன்னு கேட்பே. சொல்றேன். கம்பெனியை விட்டுப் போனவங்க பெட்டியைப் புது ஃபைலுக்குக் கொண்டுபோகக் கூடாது, எடுத்துடணும். அது ரூல். எழுதினதே நான்தான். ஆனா எடுக்கணும்னா பெர்சனல் டிபார்ட்மென்ட்ல இருந்து இன்னார் விலகிட்டார்னு எழுதி வரணும். அவருக்கு எழுதி வரலை. அனுப்புங்கன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு, "பார்க்கறேங்க மேடம்"னுட்டு என் மூஞ்சியைப் பார்க்காமப் போயிருச்சு. அப்ப தப்பு யார் மேல? மாத்தவும் கூடாது, எடுக்கவும் முடியாது.

அதுவுமில்லாம அந்தப் பெட்டியில பழுதான மெயில் கொஞ்சம் இருந்துச்சு. மாத்தப் போனா பாதியில நிக்கும். மாத்திப் பார்த்தீங்களான்னு கேட்காதே. இத்தனை வருஷ அனுபவம் இருக்குது, பார்த்தாலே தெரியாதா?

இதுல ஒரு சங்கடம் என்னன்னா, பழைய ஃபைல் அதே சைஸ்ல நிக்குது. உள்ள ஒரே ஆள். அத்தனை பெரிய ஃபைல்ல ஒரே ஒரு ஆள். பக்கத்துல புது ஃபைலும் வளருது. ரெண்டும் ஒரே டிஸ்க்குல. எடம் முன்னைவிட வேகமா நெறைய ஆரம்பிச்சுருச்சு.

ஜி.எம். வருவார். "வசந்தாமணி, அந்தப் பழைய ஃபைல்..."ம்பார். "பழுது இருக்குதுங்க சார், பார்த்துட்டு இருக்கேன்"ம்பேன். "சரிம்மா"ன்னுட்டுப் போயிருவார். ஒரு நாள், "வேணும்னா இன்னொரு டிஸ்க் போட்டுக்கலாமா? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே"ன்னார். எனக்கு அப்படியே எரிச்சல் வந்துச்சு. டெக்னிக்கல் தெரியாதவங்க பேசற பேச்சு அது. ஒரு ஆளுக்காக யாராவது ஒரு டிஸ்க்கைச் சுத்தவிடுவாங்களா? "அதெல்லாம் வேண்டாங்க சார்"னுட்டேன்.

அப்படியே கார்த்திகையும் வந்துருச்சு. மழை விடாமப் பேஞ்ச நாள் ஒண்ணு, மத்தியானம், சாப்பாட்டு மணி அடிச்சு எல்லாரும் திரும்பி வந்த நேரம், மெயில் நின்னுருச்சு. டிஸ்க் நெறைஞ்சுருச்சு. வெளிநாட்டுல இருந்து பெரிய ஆர்டர் ஒண்ணு அன்னிக்கு வர வேண்டியது. அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிருச்சு. ரிச்சர்ட் படியில தடதடன்னு ஏறி வந்தார். வாசல்ல என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், அப்படியே மூடிட்டு எறங்கிப் போயிட்டார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. காரணமே சேல்ஸ்காரங்கதான் கண்ணு. அவங்க அனுப்பற படம் ஒவ்வொண்ணும் எவ்வளவு கனம் தெரியுமா? அதை யாரும் பேசறதில்லை.

சர்வர் தானா எழுதி வெக்கற லாக் ஃபைலை எல்லாம் வேற பக்கம் நகர்த்தி, அப்போதைக்கு மெயிலை ஓட வெச்சுட்டேன். கொஞ்ச நேரத்துல ஜி.எம். வந்தார். சர்வர் ரூமுக்கு அவர் வந்ததே இல்லை. குளுரும், செருப்பை வேற கழட்டணும். வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெளியில இருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கேம்மா. நாளைக்கு வந்து பழசை எடுத்துருவார். நீங்க ரெண்டு நாள் வீட்டுல இருங்க."

"யாருங்க சார் அது?"

"ஒரு கம்பெனிக்காரங்க. இதே வேலையாப் பண்றவங்க."

"அவருக்கு என்ன தெரியும்?"

ஜி.எம். ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால நகர்த்திக்கிட்டார்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளு எப்படிங்க சார் அதுல கை வெக்கலாம்? நானே பண்றேன். இப்பவே பண்றேன்."

"இப்ப வேண்டாம்மா."

"இல்லைங்க சார். ஆயிரும்."

அவர் எழுந்துக்கலை. குரலைத் தணிச்சு, "ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கங்களேன்"னார்.

"கம்பெனி மெயிலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுங்க சார். ரூல் இருக்குது."

"நான் சொல்றேனில்லம்மா. எடுத்துக்கங்க."

"இன்னிக்கு நான் எடுத்தா, நாளைக்கு ரிச்சர்ட் கேட்பாருங்க சார். அவருக்கு என்ன பதில் சொல்றது?"

அவர் தலையை ஆட்டினார். அப்புறம் எழுந்து, செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டார். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டே போனார். அந்த ரூம்ல இருந்து வெளிய போனா கண்ணாடியில ஈரம் படியும், அதுக்கு.

எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பார்க்கறது வழக்கம். முக்கியமா ஏதாவது இருந்துச்சுன்னா? திறந்தேன். சைஸ் வாரியா வரிசைப்படுத்தினேன். மேல பூரா வீடியோ. அவர் எடுத்தது ஒண்ணை ஓடவிட்டேன். சர்வர் ரூம் மெஷின்ல ஸ்பீக்கர் கிடையாது. பம்ப் மேல கை வெச்சுருக்கார். கை மட்டுந்தான் தெரியுது, வாட்ச்சோட. விரலால ரெண்டு தட்டுத் தட்டி, ஏதோ சொல்றார் போல. கை ஆடுது. அது முடிஞ்சுது. இன்னொண்ணு போட்டேன். அதுலயும் கை.

அவர் அனுப்பின மெயில்ல என் பேருக்குப் போட்டது வரிசையா நின்னுச்சு. 'பால் வாங்கிட்டு வந்துடறேன்.' 'மழை வருது, குடை இருக்கா?' 'கேட்ல நிக்கறேன்.' 'கேட்ல நிக்கறேன்.' 'கேட்ல நிக்கறேன்.' தெனமும் அதையே போட்டிருக்கார். முக்கியமானது எதுவும் இல்லை. மூடிட்டேன்.

அப்புறம் என்ன, பெட்டியை நீக்கறதுக்கு ஒரு கமாண்ட், டேட்டாபேஸை நீக்கறதுக்கு ஒரு கமாண்ட், கடைசியா அந்த ஃபைலைக் கையால டெலீட் பண்ணணும். பண்ணினேன். அவ்வளவு பெரிய ஃபைல் போறதுக்கு நேரமாகும்னு நெனைப்போம். ஆகாது. சட்டுனு போயிரும். டிஸ்க்குல முக்கால்வாசி எடம் காலின்னு காட்டுச்சு. ஜி.எம்.முக்கு 'முடிந்தது'ன்னு ஒரு மெயில் போட்டேன். டிஃபன் பாக்ஸைக் கழுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டேன். அத்தைக்குத் தோசை ஊத்திக் குடுத்தேன்.

எனக்கு ஒண்ணும் ஆகலை கண்ணு. ஏன் அப்படிப் பார்க்கறே? எல்லாரும் அப்படித்தான் பார்க்கறாங்க.

பஸ் நிக்குதா? ஒட்டன்சத்திரம். டீ குடிக்கறயா? எனக்கு வேண்டாம். இருக்கட்டும், உட்காரு, சொல்லி முடிச்சுடறேன்.

தை பொறந்து கொஞ்ச நாள் கழிச்சு ஒரு போன். ஆபரேட்டர் பொண்ணு, மெயில் பத்தின கம்ப்ளெய்ன்ட்டுன்னு எனக்குப் போட்டுவிட்டுருச்சு.

"கம்ப்யூட்டர் செக்சனாம்மா? நான் சின்னமனூர்ல இருந்து ராஜாங்கம் பேசுறேன். உங்க பம்புக்கு டீலரு. சென்னியப்பன் சாருக்கு மெயில் போட்டா திரும்பி வருதும்மா. அப்படி ஒரு ஆளே இல்லைங்குது."

"ஆமாங்க."

"என்னம்மா ஆமாங்கிறீக? போன வாரம் வரைக்கும் போச்சே? எட்டு ஒம்பது மாசமா அவரு போனு அடிக்கலை, நம்பரை மாத்திட்டாருன்னு விட்டுட்டேன். மெயிலு மட்டும் போய்க்கிட்டுத்தான இருந்துச்சு?"

போயிட்டுத்தான் இருந்திருக்கும். பெட்டியை எடுத்தது போன வாரமில்லை, ஆனா அவருக்குக் கணக்குத் தெரியலை. பெட்டி இருக்கற வரைக்கும் வர்றதை வாங்கிட்டுத்தானே இருக்கும்.

"அவரை எடுத்துட்டோமுங்க"ன்னேன்.

"எடுத்துட்டீகளா! அந்த மனுசனையா?" கத்தினார் பாரு, போனைக் காதுல இருந்து தள்ளி வெச்சுக்கிட்டேன். "அவரு முகத்துக்காகத்தான் உங்க பம்பை விக்கிறேன். வேலையை விட்டுத் தூக்குற அளவுக்கு என்ன பண்ணிட்டாரு? மொதலாளிகிட்டக் குடுங்க போனை!"

"வேலையை விட்டு எடுக்கலைங்க. சிஸ்டத்துல இருந்து எடுத்துட்டோம்."

"அதான் ஏன்னு கேக்கேன்!"

நான் யோசிச்சேன். இதுக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். கம்பெனியில எல்லாருக்கும் தெரியும், வீட்டுல தெரியும், தெருவுல தெரியும். அதுவரைக்கும் நான் யாருக்கும் சொல்ல வேண்டியே வரலை. சொல்லிப் பழக்கமில்லை.

"இறந்துட்டாருங்க"ன்னேன்.

லைன் போயிருச்சுன்னு நெனைச்சு, "ஹலோ, ஹலோ"ன்னேன்.

"எப்ப?"

"போன சித்திரையிலங்க."

"மக கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்புனேம்மா. ஆனியில. மெயில்ல அனுப்புனேன். வரலை. ஒரு வார்த்தை வாழ்த்துக்கூடச் சொல்லலை. அம்புட்டுக் கோவம் எனக்கு. புதுசா ஒரு சர்வீஸ் ஆளு வந்தாரு, அவருகிட்டக்கூட விசாரிக்கலை. இம்புட்டு நாளா வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டு இருந்தேனே அவரை. நல்லா இருப்பானான்னு ஏசுனேனே..."

அழுதுட்டார். வயசான மனுஷன், போன்ல, கொழந்தை மாதிரி. "அழாதீங்க, அழாதீங்க"ன்னு நான் சொல்லிட்டே இருந்தேன். பக்கத்து சீட்டுல இருந்து எட்டிப் பார்த்தாங்க.

அப்புறம்தான் கேட்டார், "நீங்க யாரும்மா?"ன்னு.

"நான் அவர் சம்சாரமுங்க."

அப்புறம் "தாயி"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். வெச்சுட்டார்.

நாலஞ்சு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டார். மகன் வழியில ஒரு பேத்தியாம். காதுகுத்து வெச்சிருக்காராம், நீங்க வரணும் தாயின்னார். நான் நல்ல காரியத்துக்கெல்லாம் போறதில்லைங்க, யாரும் கூப்பிடறதும் இல்லைன்னேன். "நான் கூப்பிடுறேன்ல"ன்னார். கோவமாச் சொன்னார். "சாரு இருந்தா உங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருக்க மாட்டாரா? அவருக்கு இலை போட்டு வெச்சு, அவரு வராமப் போன வீடு இது. நீங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்"னார்.

இதுக்கு என்ன சொல்றே? டீலர் கம்ப்ளெய்ன்ட்டை நேர்ல போய்ப் பேசி முடிக்கறது நல்லதுதானே. எனக்கும் லீவு நெறையக் கெடக்குது, எடுக்கலைன்னா வீணாப் போயிரும். அத்தையை நாத்தனார் வீட்டுல விட்டுட்டு வந்தேன். ஜி.எம். லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு, "போய்ட்டு வாங்கம்மா, போய்ட்டு வாங்க"ன்னு ரெண்டு தடவை சொன்னார். எதுக்கு ரெண்டு தடவை?

கொழந்தைக்கு ஒரு கவுன் வாங்கினேன். அளவு தெரியலை. இந்தா, இதைப் பாரேன், ஆறு மாசக் கொழந்தைக்குச் சேருமா? கொஞ்சம் பெரிசா இருந்தா வளர்ந்து போட்டுக்கும்.

நேத்து ராத்திரி போன் பண்ணினார், பஸ் ஸ்டாண்டுலயே வந்து நிக்கறேன்னு. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில்லையே. "எப்படித் தாயி உங்களை அடையாளம் கண்டுக்கிறது?"ன்னு கேட்டார்.

என்ன சேலை கட்டுவேன்னு அப்ப முடிவு பண்ணலை.

"தனியா எறங்குவேனுங்க"ன்னேன்.